காரணம் சொல்லும் உரிமை

மதிப்பிற்குரிய ஐயா,

தேவாரம் பற்றியும் சைவ மரபு பற்றியும் நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத ஒரு கேள்வி இருப்பதால் இப்போது எழுதுகிறேன்.

என் அக்காவின் மகன் சென்ற ஆண்டு ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான். வயது ஆறு. ஓராண்டுக்கும் மேலாகச் சிகிச்சை நடந்தது. முதலில் நோய் கட்டுப்பட்டு, வீட்டுக்கு அழைத்து வந்து, பள்ளியிலும் சேர்த்தோம். பிறகு நோய் திரும்பியது. இரண்டாம் முறை மருந்துகள் கேட்கவில்லை.

பேரன் மருத்துவமனையில் கிடந்த நாட்களிலெல்லாம் அம்மா அவன் படுக்கையருகே அமர்ந்து கோளறு பதிகம் ஓதினார். ‘அவை நல்ல நல்ல, அடியார் அவர்க்கு மிகவே’ என்று திரும்பத் திரும்ப வரும் வரியைக் கேட்டுக்கேட்டு அவனும் கூடவே சொல்லப் பழகியிருந்தான். துக்க வீட்டில் உறவினர் ஒருவர், ‘முற்பிறவி வினை, அனுபவித்துத் தீர்த்துவிட்டுப் போய்விட்டான்’ என்றார். தேவாலயத்துக்குச் செல்லும் பக்கத்து வீட்டம்மா, கர்த்தர் தமக்குப் பிடித்த மலரைப் பறித்துக்கொண்டார் என்றார். கடவுள் மறுப்பாளரான எங்கள் சித்தப்பா, ‘மேலே யாருமில்லை என்று இப்போதாவது புரிந்துகொள்ளுங்கள்’ என்றார். மூவருமே எங்கள்மீது அன்புள்ளவர்கள். மூவர் சொன்னதும் அக்காவைக் குத்தியது.

கடவுளால் தடுக்க முடியவில்லையா, அல்லது தடுக்க மனமில்லையா? இரண்டில் எதுவானாலும் அவரை எப்படி வணங்குவது? நீங்கள் நம்பிக்கை உள்ளவர் என்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்? எனக்கு ஆறுதல் வேண்டாம், பதில் வேண்டும்.

இன்னொன்று. அம்மா இப்போதும் தினமும் மாலையில் பதிகம் ஓதுகிறார். அந்த நேரத்தில் அக்கா எழுந்து வெளியே போய்விடுகிறாள். பூசையறையில் அவள் விளக்கேற்றுவதே இல்லை. நான் இவர்களில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஆறுதல் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, என்னிடம் இருப்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்வி மிகப் பழையது. கடவுள் எல்லாம் வல்லவர், எல்லையற்ற கருணை உடையவர், இருந்தும் உலகில் துன்பம் இருக்கிறது என்ற மூன்று கூற்றுகளையும் ஒருங்கே வைத்துக்கொண்டு, ஒன்றையும் வளைக்காமல், ஒரு குழந்தையின் மரணத்தின் முன்னால் நின்று பொருத்திக்காட்டியவர் எவரையும் நான் வாசித்ததில்லை. நானும் பொருத்திக்காட்டப் போவதில்லை. இருந்தும் நான் நம்புகிறவன். இது எப்படி என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களை முதலில் விரைவாகக் கடந்துவிடலாம். மனிதனுக்குச் சுதந்திரம் தரப்பட்டிருக்கிறது, அதைத் தவறாகப் பயன்படுத்துவதால் துன்பம் விளைகிறது என்பது ஒரு பதில். போருக்கும் கொலைக்கும் சுரண்டலுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். எலும்பு மஜ்ஜையில் ஓர் உயிரணு தாறுமாறாகப் பெருகியதற்கு எவருடைய சுதந்திரத்தையும் பொறுப்பாக்க முடியாது. துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்துகிறது என்பது இன்னொரு பதில். ஆறு வயதுப் பையன் எதற்காகப் பக்குவப்பட வேண்டும்? அவனுடைய பெற்றோரைப் பக்குவப்படுத்தத்தான் அவன் வதைக்கப்பட்டான் என்றால், அப்படிச் செய்கிறவரை நான் வணங்க மாட்டேன். நமக்குத் தெரியாத பெருந்திட்டம் ஒன்று இருக்கிறது என்பது மூன்றாவது. அதை மறுத்து நிரூபிக்க முடியாது, உண்மைதான். ஆனால் தெரியாத திட்டத்தின் பெயரால் தெரிந்த வலியைச் சிறிதாக்கும் அதிகாரம் அதைச் சொல்பவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அங்கே பதில் இல்லை.

வினைக் கொள்கையை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. அது நம் வீடுகளின் கொள்கை, உங்கள் உறவினர் அதைத்தான் சொன்னார். சைவ சித்தாந்தம் அதை மிகுந்த கவனத்தோடு கட்டியிருக்கிறது. தொகுத்து வைக்கப்பட்ட சஞ்சிதம், இப்பிறவிக்கென்று முகந்து வந்த பிராரத்தம், இனி சேரவிருக்கும் ஆகாமியம் என்று வினையை வகுத்து, இறைவன் கோபத்தாலோ பாரபட்சத்தாலோ எவரையும் வருத்துவதில்லை, உயிரைப் பற்றியிருக்கும் மலம் என்னும் அழுக்கு பக்குவப்படுவதற்காகவே வினையை ஊட்டுகிறான் என்று அது சொல்கிறது. இதிலுள்ள உயர்வை நான் உணர்கிறேன். காரணமின்றி ஒருவனை உயர்த்தி ஒருவனைத் தாழ்த்தும் கொடுங்கோலனாக இறைவனை எண்ணாமல் இருப்பதற்கு நம் முன்னோர் செய்த பெருமுயற்சி அது. ஆனால் அந்தக் கணக்கை எவரும் பார்த்ததில்லை. எவரும் பார்க்காத கணக்கை வைத்து அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு எளிதென்பதை நம் சமூக வரலாறு காட்டியிருக்கிறது. தொழுநோயாளியை ஊருக்கு வெளியே நிறுத்தியபோதும், இளம் விதவையை மூலையில் உட்கார வைத்தபோதும், சேரிப் பிள்ளைக்குக் கோயில் வாசலை அடைத்தபோதும் சொல்லப்பட்டது இதே காரணம்தான்.

இந்த இடத்தில் 1934-ல் நடந்த ஒரு விவாதத்தை நினைவுகூர விரும்புகிறேன். இந்த விஷயத்தில் என் எண்ணத்தைத் தெளிவாக்கிக்கொள்ள எனக்கு மிகவும் உதவியது அதுதான்.

அந்த ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகலில் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் இடிபாடுகளாயின. 10,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிரான ஹரிஜன யாத்திரையில் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, இந்த நிலநடுக்கம் தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் நமக்கு அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். தம்மை மூடநம்பிக்கையாளன் என்று அழைத்தாலும் பரவாயில்லை என்ற தொனியில்தான் சொன்னார். தாகூருக்கு இது பெரும் வருத்தத்தைத் தந்தது. இயற்கைப் பேரழிவுகளுக்கு இயற்கைக் காரணங்கள் மட்டுமே உண்டு, அவற்றை மனிதரின் அறப்பிழைகளோடு முடிச்சிடுவது அறிவுக்கு ஒவ்வாதது என்று அவர் மறுப்பு எழுதினார். அந்த மறுப்பில் கூர்மையான ஓர் இடம் உண்டு. இத்தகைய வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளின் மனப்போக்குக்கே நன்றாகப் பொருந்தும், தீண்டாமையை எதிர்த்த காந்தியின் இயக்கத்தால்தான் தெய்வம் சினந்தது என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் தாம் வியந்திருக்க மாட்டேன் என்றார் தாகூர். ஒரே நிலநடுக்கம், ஒரே கடவுள், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள். இரண்டில் எது சரி என்று சொல்ல அந்த வாதத்துக்குள் எந்த வழியும் இல்லை.

காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, பதிலும் எழுதினார். வானத்து நிகழ்வுகளுக்கும் மனித ஒழுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பது தம் வரையில் உயிருள்ள நம்பிக்கை, அது தம்மைப் பணிவுள்ளவனாக்கி இறைவனுக்கு அருகில் கொண்டுசெல்கிறது என்றார். அதோடு நிறுத்தவில்லை. தம் அறியாமையின் ஆழத்திலிருந்து அந்த நம்பிக்கையை எடுத்து எதிராளிகளை அடிக்கப் பயன்படுத்தினால், அது மனிதரை இழிவாக்கும் மூடநம்பிக்கையாகிவிடும் என்றும் எழுதினார்.

உண்மையைப் பற்றிய வாதத்தில் தாகூர் சொன்னதே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியத் தட்டின்மீது முட்டிக்கொண்டே இருப்பதால்தான் இமயம் உயர்ந்தது, அதனால்தான் கங்கைச் சமவெளி விளைநிலமானது, அதனாலேயே முங்கேரும் இடிந்தது. அங்கே இடிந்த வீடுகளில் தீண்டாமையால் வாழ்நாளெல்லாம் நசுக்கப்பட்டவர்களின் குடிசைகளும் இருந்திருக்கும். அவர்களைத் தண்டித்து அவர்களை நசுக்கியவர்களுக்குப் பாடம் புகட்டினார் கடவுள் என்பது காந்தியின் நெஞ்சிலிருந்த கருணைக்கே முரணானது. ஆனாலும் காந்தி தம் பதிலில் வகுத்த எல்லையை நான் விட்டுவிட மாட்டேன். என் துன்பத்துக்கு நான் காரணம் தேடலாம், ‘இது என் பிழையால் வந்தது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதனால் திருந்தவும் செய்யலாம். அதே வாக்கியத்தை அடுத்தவருடைய துன்பத்தின்மீது வைக்கும் கணத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது. துன்பத்துக்குச் சமயக் காரணம் சொல்லும் உரிமை, அப்படி ஓர் உரிமை உண்டென்றால், துன்பப்படுகிறவருக்கு மட்டுமே உரியது. நான் சொல்ல வந்தது அடிப்படையில் இது ஒன்றுதான், மற்றவை எல்லாம் இதிலிருந்து வருபவை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா ஓதும் திருமுறைகளுக்குத் திரும்பினால், அவை வேறு முகம் காட்டுவதைப் பார்க்கலாம். திருவதிகையில் சூலை நோயால் துடித்த அப்பர் பாடிய முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்’ என்று தொடங்குகிறது. எமனாக வந்து நிற்கும் இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்னும் குற்றச்சாட்டுத்தான் முதலில் வருகிறது. தாம் கொடுமைகள் செய்திருக்கலாம், தாம் அறியவில்லை என்னும் ஒப்புதல் அதற்குப் பிறகு வருகிறது. இரண்டுமே அவர் வாயிலிருந்து, அவருடைய குடலை முறுக்கிய வலியிலிருந்து வருகின்றன. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் ‘நீ கொடுமை செய்தாய், அதனால் வந்தது’ என்று சொல்லியிருந்தால் அது தேவாரமாகியிருக்காது. தமக்கை திலகவதியார் அப்படிச் சொன்னதாகச் சேக்கிழாரும் பாடவில்லை. அவர் தம்பிக்காக வேண்டினார், வந்தவனை ஏற்றுக்கொண்டார், திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கியதும் அவர் பார்வையை இழந்தார் என்றும், காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது, மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் வந்து நின்றார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அங்கே அவர் பாடிய பதிகத்தில் இந்த வரிகள் வருகின்றன:

மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே

வெளியே கொழுந்து விடாத நெருப்பாக உள்ளுக்குள் கனன்று, முகம் வாடி, உமக்கே அடிமையாகக் கிடப்பவர்கள் தங்கள் துயரத்தைச் சொன்னால் நீர் சும்மா இருக்கிறீர், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். இறைவனிடம் இப்படிப் பேசலாமா என்று எவரும் இந்தப் பதிகத்தை விலக்கவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்தார்கள், ஓதுவார்கள் பண்ணோடு பாடுகிறார்கள், கேட்பவர்கள் கை கூப்புகிறார்கள். உலகம் நடக்கும் முறையில் மனநிறைவு கொள்வதுதான் பக்தி என்றால் இந்தப் பாட்டுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. சுந்தரரின் கதையில் அவர் பிழை செய்தவர்தான், அதை அவரும் அறிவார். பிழை செய்தவருக்கே இவ்வளவு உரிமையோடு சண்டையிட இடம் தந்த மரபு, பிழையே செய்யாத ஒரு குழந்தையின் தாய்க்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

திருமுறைகளுக்கும் முந்தைய குரல் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாவுப் பறை ஒலிக்க, அதே நேரத்தில் இன்னொரு வீட்டில் மண முழவு ஒலிப்பதைக் காணும் பக்குடுக்கை நன்கணியார், இப்படி ஓர் உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று சொல்லிவிடுகிறார். ‘படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்’ என்னும் அந்த வரியைத் தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டம்மாவின் மறையிலும் இதற்கு நெருங்கிய ஓர் இடம் உண்டு. பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் வந்த நண்பர்கள், அவர் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று விதவிதமாக விளக்குகிறார்கள். யோபு அதை ஏற்க மறுத்து, இறைவனையே வழக்குக்கு அழைக்கிறார். முடிவில் கர்த்தர் கடிந்துகொள்வது அந்த நண்பர்களை. என் ஊழியன் யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். அதுவரை கடவுளுக்காக வாதாடியவர்கள் அவர்கள்தாம்.

இனி உங்கள் மருமகனைக் கொன்ற நோய்க்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டுப் பாட்டுகளைப் பற்றி மட்டும் பேசினால் உங்கள் கேள்விக்கு நான் முகம் கொடுக்காதவனாவேன். ரத்த அணுக்களை உண்டாக்கும் உயிரணு பிரியும்போது மரபுச் செய்தி பிரதியெடுக்கப்படுகிறது. அந்தப் பிரதியில் நேரும் பிழைகள் சில, அணுவை முதிரவிடாமல் பெருக மட்டும் வைக்கின்றன. பிரதியில் மாற்றமே நேராத உயிர்கள் என்றால், புவியில் முதல் உயிரணுவுக்குப் பிறகு வேறு எதுவும் தோன்றியிருக்காது, நீங்களும் நானும் இல்லை. இதை ஆறுதலாகச் சொல்லவில்லை, நியாயமாகவும் சொல்லவில்லை. எவரும் குறிபார்த்து அவன்மீது எய்யவில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன். அக்கா அதையாவது அறிந்திருக்க வேண்டும்: அவர் சமைத்ததாலோ, செய்யத் தவறியதாலோ, நேர்ந்து கொள்ளாததாலோ வந்ததில்லை இது.

இந்த நோய்க்கு முதன்முதலில் கொஞ்சமேனும் கேட்ட மருந்துகளின் கதையில் நம் சென்னை வருகிறது. எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-ல் ஆந்திரத்தில் பிறந்தவர். இளம் வயதில் துறவு பூண விரும்பி இராமகிருஷ்ண மடத்தை நாடியவர், மருத்துவம் கற்றுத் தொண்டு செய் என்று அங்கே சொல்லப்பட்டுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். குடல் உணவுச் சத்தை ஏற்க மறுக்கும் ஸ்ப்ரூ என்னும் நோயால் அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். பின்னர் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, அந்த நோய்க்கு மருந்தாகப் பயன்பட்ட ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. போஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றை ஆராய்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைப் பொருள்கள் அந்த நோயை இன்னும் விரைவுபடுத்துவதுபோல் இருப்பதைக் கவனித்து, அப்படியானால் அதைத் தடுக்கும் பொருள் நோயைத் தடுக்கலாம் என்று எண்ணினார். அமினாப்டெரினையும், பிறகு மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கித் தந்தது சுப்பாராவின் குழு. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, மருந்து கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. சில மாதங்கள்தான், நோய் திரும்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் இறந்துபோனார். இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்று வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் இன்றும் அந்தச் சிகிச்சையின் முக்கியமான மருந்துகளில் ஒன்று. உங்கள் மருமகனின் உடலிலும் அது ஏறியிருக்கக்கூடும். அவன் பள்ளிக்குப் போன அந்த நாட்களுக்கும் அதற்கும் தொடர்பு இருந்திருக்கக்கூடும்.

இந்தக் கதையைச் சொன்னவுடன் ஒரு வாக்கியம் நாவின் நுனியில் வந்து நிற்கிறது: சகோதரர்கள் இறந்ததால்தானே சுப்பாராவ் இந்த வழியில் சென்றார், ஆக அந்த மரணங்களுக்கும் ஒரு நோக்கம் இருந்தது என்று. அந்த வாக்கியத்தை நான் சொல்ல மாட்டேன். சுப்பாராவ் தமக்குத் தாமே அப்படி எண்ணியிருந்தால் அது அவருடைய உரிமை. இரண்டு பிள்ளைகளை இழந்த அவருடைய தாயிடம் போய், பிற்காலத்தில் முகமறியாத குழந்தைகள் பிழைப்பதற்காகத்தான் இவர்கள் செத்தார்கள் என்று சொல்ல மனிதருக்கும் உரிமையில்லை, தெய்வத்துக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். நடந்தது என்னவென்றால், காரணமற்ற ஒரு துன்பத்தின் முன்னால் நின்ற ஒருவர், அதற்குப் பொருள் கற்பிப்பதைவிட அதைத் தடுப்பதற்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். துறவியாக விரும்பிய அந்த இளைஞனின் இறைநம்பிக்கை அந்த ஆய்வகத்தில் வீணாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வள்ளலார் இந்த இடத்தில்தான் எனக்கு ஆசிரியராகிறார். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் நூலில் அவர் வினைக் கொள்கையின் வாதத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறார். பசித்தவன் தன் வினையை அனுபவிக்கிறான் என்றால், அவனுக்கு உணவிடுவது கடவுளின் ஆணைக்கு விரோதமாகாதா என்பது அந்தக் கேள்வி. கொடிய குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக்கொண்டு உணவு கொடுக்கிறான், ஆகவே உணவிடுவது ஆணைக்கு விரோதமாகாது என்று அவர் விடை சொல்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு கையைக் கட்டி நிற்கும் வழியை முழுவதுமாக அடைத்துவிடுகிறார். 1867 மே 23 அன்று வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பத்தாண்டுகளுக்குள், 1876-ல், சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்து உலுக்கியது. அந்தப் பஞ்சத்தில் மடிந்தவர்களின் வினையைப் பற்றிப் பேசியவர்களின் சொற்கள் எங்கே போயின என்று தெரியாது.

ஆகவே ‘எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்’ என்னும் உங்கள் கேள்விக்கு நேரான பதில், நான் சேர்த்து வைத்திருக்கவில்லை என்பதுதான். உலகம் நியாயமாக நடக்கிறது என்று கண்டு அதிலிருந்து நான் கடவுளை அடையவில்லை. ஆகையால் உலகம் நியாயமாக நடக்கவில்லை என்று காணும்போது அவரை இழக்கவும் இல்லை. நன்றியும் வியப்பும் குற்றவுணர்வும் கோபமும் என்னுள் எழும்போது அவை ஒருவரை நோக்கியே எழுகின்றன. அந்த ஒருவரோடு எனக்குள்ள உறவு, அவர் செய்வதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்வதில் நிற்கவில்லை. எல்லாம் வல்லவர் என்பதற்கு நாம் கொடுக்கும் பொருள், ஒவ்வோர் உயிரணுவையும் விரலால் நகர்த்துபவர் என்னும் பொருள், தவறாக இருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு. அப்படியானால் அவரிடம் வேண்டுவதன் பொருள் என்ன என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், அங்கே என் சிந்தனை தடுமாறுகிறது. ஆனால் வேண்டுவதை என்னால் நிறுத்த முடியவில்லை. நம்பிக்கை எனக்குச் சில வாக்கியங்களைத் தந்திருப்பதுபோலவே, துன்பத்தின் முன்னால் சில வாக்கியங்களைச் சொல்லக்கூடாது என்று தடுத்தும் இருக்கிறது. தடுத்தவையே அதிகம்.

உங்கள் சித்தப்பாவின் நிலையை நான் மதிக்கிறேன். துக்க வீட்டில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் தோன்றுகிறது. அவர் சொன்னதும் அந்த நேரத்தில் அக்காவின் துயரத்தைத் தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதாகிவிட்டது. என்னைப் போன்றவர்களும் அதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்யக்கூடும். விளக்கேற்றாமல் இருக்கும் அக்காவின் கோபத்தைக் காட்டி, ‘கடவுள்மீது கோபப்படுகிறாள் என்றால் உள்ளூர நம்புகிறாள் என்றுதானே பொருள்’ என்று சொல்லிவிடலாம். தயவுசெய்து அப்படி எவரும் அவரிடம் சொல்ல விடாதீர்கள். அவர் நம்புகிறாரா இல்லையா என்பதை அவர் சொல்ல வேண்டும். இப்போது சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அம்மாவைப் பற்றி. ஓதியும் பேரன் பிழைக்கவில்லையே, தம் அன்பில் குறையிருந்ததோ என்று அவர் மனத்துக்குள் குமைந்துகொண்டிருக்கலாம். நீங்கள் எழுதியதில் அது இல்லை, ஆனால் அப்படி இருந்தால் கோளறு பதிகம் பாடப்பட்ட சூழலை அவருக்கு நினைவூட்டுங்கள், அவருக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை, போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தார். அதற்கு விடையாகப் பாடப்பட்டது அந்தப் பதிகம். அதை எதிரே நின்று கேட்டவர் சூலையில் துடித்தவர், நீற்றறையில் அடைக்கப்பட்டவர், நஞ்சு ஊட்டப்பட்டவர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர். அடியாருக்கு எந்தத் துன்பமும் வராது என்று அவரிடம் எவரும் வாக்குறுதி தந்திருக்க முடியாது. அந்தப் பதிகம் மருந்தாக வேலை செய்யவில்லை என்பது உங்கள் அம்மாவின் தோல்வி ஆகாது. வலியில் கிடந்த ஒரு குழந்தைக்குப் பாட்டியின் குரல் அருகில் இருந்தது, அவன் அந்தக் குரலோடு சேர்ந்து சொன்னான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நடந்தது, அதை இனி எதுவும் நடக்கவில்லை என்று ஆக்க முடியாது.

அம்மாவை ஓத வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அக்காவை உட்காரவும் சொல்லாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட வரி அக்காவின் காதில் மகனின் குரலாகவே விழும் என்பதை மட்டும் அம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொல்லி, மாலையில் வேறு பதிகத்தை ஓதலாமே, அல்லது சில நாட்களுக்குக் கோயிலில் போய் ஓதலாமே என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேரனை இழந்தவர், புரிந்துகொள்வார். அக்கா எழுந்து வெளியே போகும்போது, முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். பையனைப் பற்றிப் பேசினால் கேளுங்கள், அவன் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். இறந்த குழந்தையின் பெயரை வீட்டில் எல்லோரும் சொல்லாமல் விட்டுவிடுவது தாய்மார்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை நான் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். திருவாரூர்ப் பதிகத்தைப் பற்றி அவரிடம் நீங்களாகச் சொல்ல வேண்டாம். என்றாவது ஒருநாள், கடவுளிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று அவரே உங்களிடம் கேட்டால், அப்போது சொல்லுங்கள்.

அன்புடன்.